பந்தியில் உட்கார்ந்தவர்

செப்டம்பர் 2, திங்கள்

இதை டைரி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். டைரி எழுதுகிற வயதும் எனக்கில்லை, பொறுமையும் இல்லை. கம்ப்யூட்டர் கடை மைதீன் எழுதச் சொன்னான், எழுதுகிறேன்.

"அண்ணாச்சி, மெஷின் எப்ப நின்னுச்சு, நிக்கும்போது என்ன வேலை ஓடிக்கிட்டு இருந்துச்சு, ஒண்ணு விடாம எழுதி வைங்க. மாத்திக் கேட்டா கம்பெனிக்காரன் ஆயிரம் கேள்வி கேப்பான்."

இன்று காலையில் ஒருமுறை, சாப்பிட்டு வந்தபின் ஒருமுறை. இரண்டு முறையும் திரை நீலமாகி, ஏதோ ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு அணைந்தது. போன பொங்கலுக்கு வாங்கிய மெஷின். கடையில் இருந்ததிலேயே பெரிய ப்ராசஸர் போட்டு வாங்கினேன். என் வண்ணன் ஸ்டுடியோவில் ஏசி அதற்கு, மின்விசிறி எனக்கு. அப்படியும் இந்த ஒய்யாரம்.

ஓடிக்கொண்டிருந்த வேலை: செண்பகவல்லி கல்யாண வீடியோ.

செப்டம்பர் 3

நிற்கவில்லை. எழுத ஒன்றுமில்லை. ஆனால் நேற்று மாதிரிக்கு ஒட்டிய பாட்டு இன்று இரண்டு இடத்தில் கீறல் விழுந்ததுபோல் கேட்கிறது. மூலப் பாட்டில் கீறல் இல்லை.

செப்டம்பர் 5, வியாழன்

"கிராபிக்ஸ் கார்டில் நினைவகம் போதவில்லை" என்று சொல்லிவிட்டு நின்றது. பாதிகூட நிரம்பவில்லை என்று அதன் பக்கத்திலேயே காட்டுகிறது. பொய் சொல்வதையும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாத மெஷின்.

கல்யாண வீட்டைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், கம்பெனிக்காரன் கேட்டால் சொல்ல வேண்டும். பெண் செண்பகவல்லி. ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை, இந்த மாதக் கடைசியில் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போகிறான். அதற்குள் வீடியோ கொடுக்க வேண்டும். அப்பா அய்யாத்துரை லாரி டிரைவர். பெண் சின்ன வகுப்புப் படிக்கும்போது வடக்கே லோடு கொண்டுபோனவர், லாரியோடு ஆற்று வெள்ளத்தில் போய்விட்டார். உடம்பு கிடைக்கவில்லை. அவர் வேட்டி சட்டையை வைத்துக் காரியம் செய்தார்களாம்.

அம்மா ஆவுடையம்மாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கடைசியில் மணமக்களுக்குப் பக்கத்தில் அய்யாத்துரை நின்று ஆசீர்வாதம் செய்வதுபோல் சேர்த்துத் தர வேண்டும். எங்கள் தொழிலில் இது வாரம் ஒன்று வரும். செத்த தகப்பனை, செத்த தாயை, மணமகன் பிறக்கும் முன்பே போன அண்ணனைக்கூடச் சேர்த்திருக்கிறேன். இப்போதெல்லாம் கைகூட அசையும், அட்சதையும் தூவும். வயசாக்கியும் காட்டலாம்.

"வயசாக்க வேண்டாம் தம்பி. போனப்ப எப்படி இருந்தாகளோ அப்படியே இருக்கட்டும்" என்றார் ஆவுடையம்மாள். மீசை வைத்த, முப்பது வயதுப் படம் ஒன்றைக் கொடுத்தார். இடது புருவத்தைக் குறுக்கே வெட்டியதுபோல் ஒரு தழும்பு.

போகும்போது வாசலில் திரும்பி, "பந்தி எடுத்தீகளா?" என்று கேட்டார். எடுத்தேன் என்றேன். "ரொம்பப் போட வேண்டாம். சாப்பிடுறதைப் போடுறது நல்லாவா இருக்கு" என்றார். பாயசம் தண்ணீராக இருந்தது ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற கவலை போலிருக்கிறது.

செப்டம்பர் 7

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. என் மனைவி முத்தரசியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இந்த எடிட்டிங் மென்பொருளில் முகம் தேடும் வசதி ஒன்று இருக்கிறது. ஒரு போட்டோவைக் கொடுத்தால் அந்த ஆள் எந்தெந்தக் காட்சியில் இருக்கிறார் என்று எடுத்துத் தரும். கோவில்பட்டியில் கல்யாண வீடியோ எடுப்பவனுக்கு இது உயிர். ஒரு சித்தப்பா விட்டுப்போனாலும் அந்தக் குடும்பம் என் கடை வாசலை மிதிக்காது. அதனால் முக்கியமான சொந்தக்காரர் படங்களை வாங்கி ஒரே போல்டரில் போட்டுத் தேடச் சொல்லுவேன். அய்யாத்துரை படமும் அதிலேயே கிடந்திருக்கிறது. எடுக்க மறந்துவிட்டேன்.

மெஷின் தேடிக் கொடுத்தது: பெண்ணின் தாய்மாமன் நாதஸ்வரம் வாசிக்கிறார். பெரியத்தை மூன்று இடத்தில் இருக்கிறார், அதில் ஒன்று வாழைமரம். அய்யாத்துரை ஓர் இடத்தில் இருக்கிறார். பந்தியில்.

"செத்தவுக சாப்பிட வந்துட்டாகளா?" என்றாள் முத்தரசி.

"வாழைமரமே பெரியத்தையாயிருச்சு. நீ வேற."

அந்தக் காட்சியைத் திறந்தேன். பந்தியில் கேமராவை முகத்துக்கு நேரே நீட்டினால் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். அதனால் நான் எப்போதும் மூலையில் ஸ்டாண்டில் நிறுத்தி ஓடவிட்டு வெளியே வந்துவிடுவேன். நீளமான காட்சி. ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே மெஷின் நின்றது. கடைசி வரிசையில் ஓர் ஆள் உட்கார வந்தது மட்டும் தெரிந்தது.

செப்டம்பர் 9, திங்கள்

மைதீன் வந்து மெமரியை மாற்றினான். மாற்றிய அரைமணி நேரத்தில் நின்றது. "அப்ப இது இல்ல" என்றான். டாக்டர் மாதிரி.

செப்டம்பர் 10

மூன்று முறை. முகம் தேட மறுபடி விட்டேன், சும்மாதான். இந்த முறை தாய்மாமன் சரியாக வந்தார். பெரியத்தை எங்குமே இல்லை. அய்யாத்துரை எல்லாக் காட்சியிலும் இருக்கிறார். மணவறையில், கார் கதவில், பெண்ணின் வளையலில். விடிந்ததும் ஆளில்லாத மண்டபத்தை நான் எடுத்த காட்சியில்கூட. வெறும் நாற்காலி வரிசை. அதில் ஒரு நாற்காலியைச் சுற்றிக் கட்டம் போட்டு, அய்யாத்துரை என்று பெயர் எழுதியிருந்தது.

அது எனக்குப் பிடிக்கவில்லை. எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 12, வியாழன்

பாட்டுத் தேர்வு செய்ய செண்பகவல்லி வந்தாள். கல்யாணக் களை முகத்தில் இன்னும் இருக்கிறது, வாய் மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளை. வந்ததும், "அங்கிள், மெஷினுக்கு உடம்பு சரியில்லையாமே, ஊசி போட்டீங்களா?" என்றாள்.

பாட்டைப் போட்டுக் காட்டினேன். எங்கோ கை பட்டுப் பந்திக் காட்சி திறந்துகொண்டது. மூடுவதற்குள் மெஷின் உறைந்துவிட்டது. அணையவில்லை, நீலமாகவில்லை. அப்படியே நின்றது. கடைசி வரிசையில் ஓர் ஆள் நிமிர்ந்து பார்த்தபடி. நரைத்த தாடி, ஒட்டிய கன்னம். படம் பாதி கட்டம் கட்டமாகச் சிதைந்திருந்தது. புருவம் இருந்த பகுதி மட்டும் தெளிவாக இருந்தது. தலைக்கு மேலே பெயர்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை.

"கெட்டுப்போன மெஷின்மா. வாழைமரத்தை உங்க பெரியத்தைன்னு சொல்லுச்சு."

"அப்பா வந்துருக்காக" என்றாள். பயப்படவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "நம்ம கண்ணுக்குத் தெரியாது அங்கிள். கேமராவுக்குத் தெரிஞ்சிருக்கு. தாலி கட்டும்போது யாரோ என் பின்னாடி நிக்கிற மாதிரியே இருந்துச்சு."

"மின்சாரக் கோளாறு."

"சரி, மின்சாரக் கோளாறு" என்று சிரித்தாள். போகும்போது, "எங்கம்மாட்ட சொல்லிராதீங்க. பாவம், பயந்துக்கிடுவா" என்றாள்.

அவள் போன பிறகு பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன். அதுவரை அந்த ஆள் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

செப்டம்பர் 13

கடைக்கு லீவு. தலைவலி.

செப்டம்பர் 14, சனி

மைதீன் கண்டுபிடித்துவிட்டான். ப்ராசஸர்தான்.

"மதர்போர்டு இதுக்குத் தேவைக்கு மேல வோல்டேஜைக் குடுத்துக்கிட்டே இருந்துருக்கு அண்ணாச்சி. வேகமா ஓடணும்னு. ஓடுச்சு. உள்ளுக்குள்ள தேஞ்சுபோச்சு."

"வாங்கி ஒரு வருசம் ஆகலையேடா."

"வயசுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. இப்ப ஒரு அப்டேட் போட்டுருக்கேன், மேற்கொண்டு தேயாது. தேஞ்சது தேஞ்சதுதான்."

இதில் மோசம் என்னவென்றால், நிற்பது மட்டுமல்லவாம். நிற்காமல் ஓடும்போதும் தப்பாகக் கணக்குப் போடுமாம். "ரெண்டும் ரெண்டும் நாலுன்னு சொல்லிக்கிட்டே வரும். திடீர்னு ஒருதரம் அஞ்சுன்னு சொல்லும். சொன்னது தப்புன்னு அதுக்கே தெரியாது."

எனக்கு இதைக் கேட்டதும் பெரிய நிம்மதி. முத்தரசியிடம் போய்ச் சொன்னேன். "உங்களுக்கு என்னத்துக்கு நிம்மதி? நீங்க பயப்படவே இல்லையே" என்றாள்.

கம்பெனி மாற்றித் தரும் வரைக்கும் தாக்குப்பிடிக்கட்டும் என்று மைதீன் வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டுப் போனான்.

செப்டம்பர் 16

நிற்கவில்லை. மாட்டுவண்டி வேகம். ஆனால் நிற்கவில்லை. பாட்டில் கீறல் இல்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

புரட்டாசி பிறந்தது. இனி ஒரு மாதம் முகூர்த்தம் இல்லை, செண்பகவல்லி வீடியோ ஒன்றுதான் வேலை.

நிற்கவில்லை. முகம் தேடவிட்டேன். தாய்மாமன் சரி. பெரியத்தை சரி, வாழைமரம் இல்லை. காலி நாற்காலியில் கட்டம் இல்லை. எல்லாப் பிழையும் போய்விட்டது.

அய்யாத்துரை ஓர் இடத்தில் இருக்கிறார். பந்தியில்.

இன்றைக்கு இவ்வளவு போதும்.

செப்டம்பர் 19

ஆவுடையம்மாள் வந்தார். வீடியோ எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டார். அய்யாத்துரையைச் சேர்த்த காட்சியைப் போட்டுக் காட்டினேன். முப்பது வயது மீசைக்காரர் மகளின் தலையில் அட்சதை தூவினார். ஆவுடையம்மாள் தலையை ஆட்டினார். அழுவார் என்று நினைத்துத் தண்ணீர் எடுத்து வைத்திருந்தேன். குடிக்கவில்லை.

"பந்தியை வெட்டி எடுத்துட்டீகளா?"

"இன்னும் பாக்கல."

"பாக்க வேண்டாம். அப்படியே எடுத்துருங்க."

கல்யாணத்தன்று இவர் மணவறைப் பக்கமே வரவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. தாலியறுத்தவள் முன்னால் நிற்கக்கூடாது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். தாரை வார்த்தது தாய்மாமனும் அவர் மனைவியும். பெண் அம்மாவைத் தேடித் திரும்பித் திரும்பிப் பார்ப்பது என் கேமராவில் இருக்கிறது. அம்மா சாப்பாட்டு ஹாலில் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 20

மெஷின் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. விசிறி மட்டும் சுற்றுகிறது. எனக்கு வருத்தமில்லை. இதை எழுதலாமா தெரியவில்லை, சந்தோஷமாகக்கூட இருந்தது.

செப்டம்பர் 23, திங்கள்

மைதீன் கடையில் இருந்த வேறொரு ப்ராசஸரைப் போட்டுக் கொடுத்தான். போர்டில் வோல்டேஜையும் கட்டுப்படுத்திவிட்டானாம். "இது தங்கம் அண்ணாச்சி. ஒரு தப்பு பண்ணாது" என்றான்.

முகம் தேடவிட்டேன். தாய்மாமன், பெரியத்தை, எல்லோரும் அவரவர் இடத்தில். அய்யாத்துரை, பந்தியில்.

இனி மெஷின்மேல் பழி போட முடியாது. பந்திக் காட்சியை முதலிலிருந்து ஓட்டினேன். கதவைச் சாத்திவிட்டு ஓட்டினேன், ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

எல்லோரும் சாப்பிட்டு எழுந்துபோன பின், கடைசிப் பந்தி. நரைத்த தாடிக்காரர் வருகிறார். தோளில் பை. யாரும் அவரை வாங்க என்று சொல்லவில்லை, அவரும் யாரையும் பார்க்கவில்லை. ஓரத்து இலையில் உட்கார்ந்து தண்ணீர் தெளித்துத் துடைக்கிறார். அவர் நிழல் தரையில் விழுகிறது. புருவத்துத் தழும்பு தெரிகிறது. பரிமாறுகிற பையன்கள் சோறு, சாம்பார் ஊற்றிப் போகிறார்கள்.

அப்புறம் ஆவுடையம்மாள் வருகிறார். பையன் கையில் இருந்த பாயச வாளியை வாங்குகிறார். அந்த வரிசையில் மற்ற யாருக்கும் ஊற்றவில்லை. நேரே ஓரத்து இலைக்கு வந்து ஊற்றுகிறார். தாடிக்காரர் தலை நிமிரவில்லை. ஆவுடையம்மாள் வாய் திறக்கவில்லை. அவர் குடிக்கக் குடிக்க, நின்று இன்னொரு கரண்டி ஊற்றுகிறார். அவர் போதும் என்று கையைக் குறுக்கே நீட்டும்போதுதான் நிமிர்ந்து பார்க்கிறார். அன்றைக்கு உறைந்து நின்றது அந்தப் பார்வைதான். கேமராவைப் பார்த்ததாக நான் நினைத்தேன். அவர் பார்த்தது ஆவுடையம்மாளை.

சாப்பிட்டு முடித்தவர் இலையை மூடுகிறார். கல்யாண வீட்டில் எல்லோரும் தங்கள் பக்கமாக மூடுவார்கள். அவர் இழவு வீட்டில் மூடுவதுபோல் எதிர்ப்பக்கமாக மூடினார். தன் காரியத்துச் சாப்பாட்டைத் தானே வந்து சாப்பிட்டவர்போல் எழுந்துபோனார்.

ஆவுடையம்மாள் அந்த இலை முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குனிந்து, இலையைப் பிரித்து, கல்யாண வீட்டு முறைப்படி திருப்பி மூடினார். அப்புறம்தான் எடுக்கச் சொன்னார்.

பேயென்றால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

செப்டம்பர் 24

இந்த நோட்டை இனிக் கம்பெனிக்காரனிடம் காட்ட முடியாது.

செப்டம்பர் 25, புதன்

ஆவுடையம்மாளை வரச்சொன்னேன். எப்படிக் கேட்பது என்று நான் தடுமாறுவதைப் பார்த்து அவரே ஆரம்பித்தார்.

"பாத்துட்டீக."

"பாத்துட்டேன்க்கா. அவுகதானா?"

"பந்தியில உக்காந்தவுகளை யாரு என்னன்னு கேக்குற வழக்கம் எங்க வீட்டுல இல்ல தம்பி." பிறகு அவரே சொன்னார்: "லாரி ஆத்துல போனது நெசம். நிறுத்திட்டு எறங்குன இவுக அதுல திரும்ப ஏறல. வேற ஊரு, வேற வீடு. எனக்குத் தெரிய வரும்போது ரெண்டு வருசம் ஆயிருச்சு. அதுக்குள்ள எனக்குப் பூவெடுத்து, பொட்டெடுத்து, வளையல் ஒடச்சு எல்லாம் முடிஞ்சுபோச்சு. மகளுக்கும் அப்பா தெய்வமாயிட்டாக. நான் யாருகிட்டப் போயி என்னன்னு சொல்ல?"

"கல்யாணத்துக்கு நீங்க சொல்லிவிட்டீகளா?"

"இல்ல. எப்படித் தெரிஞ்சுதோ."

எனக்குக் கோபம் வந்தது. அந்த மனுசன் மேல், ஊர் மேல், வாளியைத் தூக்கி அவர் தலையில் போடாமல் இன்னொரு கரண்டி ஊற்றிய இவர் மேல்கூட. "பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா? உசுரோட இருக்காகளே" என்றேன்.

"செத்த அப்பன் அவளை விட்டுட்டுப் போகல தம்பி. உசுரோட இருக்கிறவருதான் விட்டுட்டுப் போனாரு. இதை வச்சுக்கிட்டு அவ மஸ்கட்டுல போயி எப்படிக் குடும்பம் நடத்துவா?"

ஆவுடையம்மாள் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அழிச்சிருங்க. நான் பாக்கும்போதே அழிங்க. அதுக்கு முந்தி ஒருதரம் ஓட்டுங்க."

ஓட்டினேன். அவர் பார்த்தார். இலையைத் திருப்பி மூடும் இடம் வந்ததும், "போதும்" என்றார்.

மெஷினில் இருந்ததை அழித்தேன். வழக்கமாக இரண்டு ஹார்ட்டிஸ்க்கில் நகல் வைப்பேன், இரண்டையும் கொண்டுவந்து அதிலும் அழித்தேன். கேமரா கார்டு அடுத்த கல்யாணத்துக்கே துடைத்தாகிவிட்டது. புது ப்ராசஸர் ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. பழையதாக இருந்தால் நடுவில் எங்காவது நின்று தொலைத்திருக்கும்.

செப்டம்பர் 28, சனி

மாலையில் தாயும் மகளும் வந்தார்கள். நாளை மறுநாள் அவளுக்கு விமானம். பெரிய திரையில் முழு வீடியோவையும் போட்டேன். எங்கும் நிற்கவில்லை. முத்தரசிகூட வந்து உட்கார்ந்து பார்த்தாள்.

கடைசியில் அய்யாத்துரை வந்தார். மீசை, வெள்ளைச் சட்டை, தூவும் கை. என் வேலையில் குற்றம் சொல்ல முடியாது. செண்பகவல்லி தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"நல்லாயிருக்கு அங்கிள். ஆனா இது போட்டோ மாதிரி இருக்கு. அன்னைக்குக் கெட்டுப்போன மெஷின்ல வந்தாகள்ல, அதுதான் அப்பா மாதிரி இருந்துச்சு."

சொன்ன பிறகுதான் அம்மா பக்கத்தில் இருப்பது அவளுக்கு நினைவு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பயப்படாதம்மா. ஏதோ மெஷின் கோளாறு. பந்தியில அப்பா உக்காந்து சாப்பிடுற மாதிரி காட்டுச்சு. எனக்கு என்னமோ சந்தோஷமா இருந்துச்சு. வயசாகி, தாடி வச்சு, பசியா வந்து உக்காந்த மாதிரி. எங்கயோ சாப்பிடாம இருக்காகளோன்னு நினைச்சுக்கிட்டே இருப்பேன்ல, சின்னதுல இருந்து. நம்ம வீட்டுக் கல்யாணத்துல சாப்பிட்டுட்டாகன்னு தோணுச்சு."

ஆவுடையம்மாள் முந்தானையைச் சுருட்டினார், பிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "அந்தக் காட்சி இருக்கா தம்பி?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை.

"இருந்தா குடுத்துருங்க. அவ வச்சுக்கிடட்டும்."

முத்தரசி என்னைப் பார்த்தாள். இல்லை என்பது கேட்ட அவருக்கே தெரியும். தெரிந்துதான் கேட்டார். நான் ஏதாவது ஒன்றை ஒளித்து வைத்திருக்க மாட்டேனா என்ற ஆசையில் கேட்டார். நான் ஒளித்து வைக்கவில்லை.

"இல்லக்கா. அழிஞ்சுபோச்சு."

"மெஷின் கெட்டதுல போயிருச்சா அங்கிள்?" என்றாள் செண்பகவல்லி.

"ஆமாம்மா."

ஆவுடையம்மாள் அழுதார். எங்கள் யாரிடமும் காட்டாமல் வைத்திருந்த அழுகை, வாய்விட்டு, முந்தானையைக் கடித்தும் அடங்காமல் வந்தது. செண்பகவல்லி அவரைக் கட்டிப்பிடித்து, "அழாதம்மா, அப்பா எங்கயும் போகல, நம்மகூடத்தான் இருக்காக" என்று முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.